கம்ப்யூட்டருக்குள் ஒரு தனி அறை: சொந்த ஆபரேட்டிங் சிஸ்டம் இமேஜ் தயாரிக்கலாம் வாங்க!

வீட்டிற்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தவுடன் பழைய கம்ப்யூட்டர் என்ன ஆகிறது? பெரும்பாலும் பரணுக்குப் போகும். இல்லையென்றால் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகும். விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 சிஸ்டமோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய புராசசரும் வேண்டும் என்கிறது. இதனால் நல்ல நிலையில் ஓடிக் கொண்டிருக்கும் பல கம்ப்யூட்டர்கள் நடுவழியில் நிற்கின்றன. இவற்றில் லினக்ஸ் பதிந்தால் இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உழைக்கும்.

எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் இப்படி மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் சேர்ந்துவிட்டன. "தம்பி, மூன்றிலும் தமிழ் டைப் அடிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஏற்ற புரோகிராம்கள் இருக்க வேண்டும், மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்" என்று கேட்டார். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உட்கார்ந்து இன்ஸ்டால் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. இதற்கு எளிய வழி, வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம் இமேஜ் தயாரித்துவிடுவதுதான். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டால், எத்தனை கம்ப்யூட்டர்களிலும் பதிந்து கொள்ளலாம்.

இதனை எப்படிச் செய்வது, அதைவிட முக்கியமாக எங்கே வைத்துச் செய்வது என்று இந்த இதழில் பார்க்கலாம். கமாண்ட் எதுவும் டைப் செய்ய வேண்டியதில்லை. மவுஸ் கிளிக் மூலமே எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

இமேஜ் என்றால் என்ன?

இங்கே இமேஜ் என்பது படம் அல்ல. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் முழுவதையும், அதில் உள்ள புரோகிராம்கள், எழுத்துருக்கள், செட்டிங்ஸ் ஆகியவற்றுடன் சேர்த்து ஒரே பைலாகச் சுருக்கி வைத்திருப்பதே இமேஜ். பெரும்பாலும் இந்தப் பைல் ஐஎஸ்ஓ என்ற துணைப் பெயருடன் இருக்கும். இதனைப் பென் டிரைவில் முறையாக எழுதி, அந்தப் பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே சிஸ்டம் இயங்கும். இதற்கு லைவ் சிஸ்டம் என்று பெயர். பிடித்திருந்தால் அங்கிருந்தே ஹார்ட் டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்து கொள்ளலாம்.

இமேஜை முறுக்கு அச்சு என்று வைத்துக் கொள்ளுங்கள். அச்சு நன்றாக இருந்தால் பிழியும் முறுக்கு எல்லாம் நன்றாக வரும். அச்சில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறல் ஒவ்வொரு முறுக்கிலும் விழும். இமேஜும் அப்படித்தான். அதை எந்தச் சிஸ்டத்திலிருந்து எடுக்கிறோமோ, அந்தச் சிஸ்டத்தில் இருந்த நல்லது கெட்டது எல்லாம் இமேஜுக்குள் போய்விடும். உங்கள் வை-பை பாஸ்வேர்ட், பிரவுசரில் சேமித்த பேங்க் லாகின், டவுன்லோட் போல்டரில் கிடக்கும் ஆதார் நகல், எங்கோ ஒளிந்திருக்கும் வைரஸ் என்று எது இருந்தாலும் அது நகலாகி, பென் டிரைவ் போகும் வீட்டிற்கெல்லாம் போகும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஐபோன் புரோகிராம்களைத் தயாரிக்க ஆப்பிள் நிறுவனம் தரும் சாப்ட்வேர் எக்ஸ்கோட். ஆப்பிள் சர்வரிலிருந்து அதை டவுன்லோட் செய்ய அதிக நேரம் ஆகிறது என்று சீனாவில் புரோகிராமர்கள் சிலர் வேறு இடத்தில் கிடைத்த காப்பியை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தக் காப்பியில் யாரோ கைவைத்திருந்தார்கள். அதைக் கொண்டு தயாரித்த அப்ளிகேஷன்களில் எல்லாம் தேவையற்ற புரோகிராம் வரிகள் தாமாகவே நுழைந்தன. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் வீசாட் அப்ளிகேஷனின் 6.2.5 பதிப்பும் இதில் சிக்கியது. எக்ஸ்கோட்கோஸ்ட் என்று பெயர் பெற்ற இந்த விவகாரம் 2015 செப்டம்பரில் வெளியே தெரிந்தது. எழுதியவர்களின் புரோகிராமில் தவறு இல்லை. அதைத் தயாரித்த இடத்தில்தான் தவறு இருந்தது.

நான் வேலை பார்க்கும் சாப்ட்வேர் துறையில் இதற்காகவே பில்ட் மெஷின் என்று தனியாக ஒன்றை வைத்திருப்பது வழக்கம். அதில் யாரும் மெயில் பார்க்க மாட்டார்கள், பாட்டு கேட்க மாட்டார்கள். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய சாப்ட்வேரைத் தயாரிப்பது மட்டுமே அதன் வேலை. வீட்டில் இதற்காக இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க முடியுமா? வேண்டாம். விர்ச்சுவல் மெஷின் போதும்.

விர்ச்சுவல் மெஷின்

உங்கள் கம்ப்யூட்டருக்குள் சாப்ட்வேர் மூலம் உருவாக்கும் இன்னொரு கம்ப்யூட்டரே விர்ச்சுவல் மெஷின். இதற்கென்று தனி ராம், தனி ஹார்ட் டிஸ்க், தனி நெட்வொர்க் கார்டு எல்லாம் இருப்பது போல அதற்குக் காட்டப்படும். அதன் ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையில் உங்கள் டிஸ்க்கில் உள்ள ஒரு பெரிய பைல்தான். உள்ளே ஓடும் சிஸ்டத்திற்கு இது தெரியாது. வெளியே உள்ள உங்கள் கம்ப்யூட்டரை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் அழைக்கிறார்கள். வீட்டுக்காரர், விருந்தாளி என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு விஎம்/370 என்ற சிஸ்டத்தை அறிவித்தது. மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு 1999ல் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் வந்தது. 2007ல் வெளியான விர்ச்சுவல்பாக்ஸ், இப்போது ஆரக்கிள் நிறுவனத்திடம் உள்ளது. இதனை இலவசமாகப் பயன்படுத்தலாம். நாமும் இதையே பயன்படுத்தப் போகிறோம்.

வீட்டு உபயோகத்தில் இதற்கு ஒரு நல்ல லாபம் உண்டு. உங்கள் லேப்டாப் வை-பை மூலம் இணைந்திருந்தாலும், விர்ச்சுவல் மெஷினுக்கு அது ஒயர் போட்ட நெட்வொர்க் போலத்தான் தெரியும். ஆகவே வை-பை பாஸ்வேர்ட் அதற்குத் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்று இமேஜுக்குள் போகவும் முடியாது. தனி அறையில் வைத்துச் செய்வதன் பயன் இதுதான்.

தேவையானவை

1. ஹோஸ்ட் கம்ப்யூட்டரில் குறைந்தது 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க்கில் 60 ஜிபி காலி இடம்.

2. புராசசரில் விர்ச்சுவலைசேஷன் வசதி இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். விண்டோஸ் சிஸ்டத்தில் டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்பார்மன்ஸ் டேபில் சிபியு என்பதில் கிளிக் செய்திடவும். கீழே விர்ச்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே எனேபிள்டு என்று இருந்தால் சரி. டிஸேபிள்டு என்று இருந்தால் பயாஸ் செட்டிங்ஸ் சென்று இயக்க வேண்டும். இன்டெல் புராசசர் என்றால் விடி-எக்ஸ் அல்லது இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோட் என்றும் இருக்கும்.

3. விர்ச்சுவல்பாக்ஸ் சாப்ட்வேர். இதனை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடவும்.

4. எம்எக்ஸ் லினக்ஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பழைய கம்ப்யூட்டர்களிலும் நன்றாக ஓடும். ஓடிக் கொண்டிருக்கும் சிஸ்டத்தை ஐஎஸ்ஓ இமேஜாக மாற்றித் தரும் எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட் என்ற புரோகிராம் இதனுடனேயே வருகிறது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இதில் எக்ஸ்எப்சிஇ பதிப்பை எடுத்துக் கொள்ளுங்கள். இமேஜ் போகப் போகும் பழைய கம்ப்யூட்டரின் புராசசர் 64 பிட் வகையா என்றும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

5. 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று. அதில் முக்கியமான பைல் எதுவும் இருக்கக் கூடாது.

லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் சிஸ்டத்தை இப்படி நகலெடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தருவதற்கு அதன் உரிமம் இடம் தராது. லினக்ஸில் அந்தப் பிரச்னை இல்லை. மாற்றி அமைக்கவும், மற்றவர்களுக்குத் தரவும் உரிமம் உண்டு.

டவுன்லோட் செய்ததைச் சரிபார்த்தல்

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் அமைப்பின் இணையதளத்தில் சிலர் புகுந்தார்கள். மின்ட் 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோட் லிங்க்கை மாற்றி, பின்வாசல் வைத்த போலி இமேஜுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று டவுன்லோட் செய்தவர்களுக்கு வெளிப்பார்வையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பைலின் செக்சம் எண்ணை ஒப்பிட்டால்தான் தெரியும்.

செக்சம் என்பது பைலின் கைரேகை. பைலில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் இந்த எண் முழுவதுமாக மாறிவிடும். இதனைக் கணக்கிட 7-ஜிப் புரோகிராம் போதும். ஐஎஸ்ஓ பைல் மீது ரைட் கிளிக் செய்து, சிஆர்சி ஷா என்ற பிரிவில் ஷா-256 தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் 11ல் இது உடனே தெரியாவிட்டால், மெனுவின் கடைசியில் உள்ள ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதில் கிளிக் செய்து பார்க்கவும். எண்களும் எழுத்துகளும் கலந்து 64 இடங்கள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். எம்எக்ஸ் தளத்தில் ஐஎஸ்ஓ பைலுக்குத் தரப்பட்டுள்ள செக்சம் எண்ணுடன் இதை ஒப்பிடவும். முதல் ஆறு எழுத்துகள், கடைசி ஆறு எழுத்துகள் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். முழுவதும் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் பைலை அழித்துவிட்டு மீண்டும் டவுன்லோட் செய்திடவும். அச்சுக்கான மரமே சரியில்லை என்றால், பிறகு என்ன செதுக்கி என்ன பயன்?

அறையைக் கட்டுவோம்

விர்ச்சுவல்பாக்ஸ் திறந்து நியூ என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் பெயர் தரவும். உங்கள் பெயர் வேண்டாம். பள்ளி, பொது என்று ஏதாவது ஒரு பொதுப் பெயர் போதும். ஐஎஸ்ஓ இமேஜ் என்ற இடத்தில் எம்எக்ஸ் பைலைக் காட்டவும். வகை லினக்ஸ், பதிப்பு டெபியன் 64 பிட் எனத் தேர்ந்தெடுக்கவும். தானாக இன்ஸ்டால் செய்யும் அன்அட்டென்டட் வசதியில் டிக் இருந்தால் எடுத்துவிடவும். ராம் 4096 எம்பி, புராசசர் 2, ஹார்ட் டிஸ்க் 40 ஜிபி எனத் தரவும். 40 ஜிபி என்று தந்தாலும் உடனே அவ்வளவு இடத்தையும் பிடித்துக் கொள்ளாது. பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் பைல் வளரும்.

இனி மிக முக்கியமான பகுதி. ஸ்டார்ட் செய்வதற்கு முன் செட்டிங்ஸ் சென்று கீழ்க்கண்டவற்றைச் சரிபார்க்கவும்.

ஷேர்டு கிளிப்போர்ட்: இது டிஸேபிள்டு என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸில் நீங்கள் காப்பி செய்யும் பாஸ்வேர்ட் உள்ளே போக வழி உண்டு.

டிராக் அண்ட் டிராப்: இதுவும் டிஸேபிள்டு.

ஷேர்டு போல்டர்: இந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். வசதியாக இருக்கிறதே என்று டாக்குமென்ட்ஸ் போல்டரை இங்கே இணைத்துவிட்டால், தனி அறைக்கு நாமே கதவு வைத்தது போல் ஆகும்.

நெட்வொர்க்: நாட் என்ற முறையே இருக்கட்டும். இதில் கெஸ்ட் சிஸ்டம் இன்டர்நெட்டுக்குப் போக முடியும். வெளியிலிருந்து யாரும் நேராக அதற்குள் வர முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளிருந்து உங்கள் வீட்டு ரவுட்டர், மற்ற கம்ப்யூட்டர்கள் பக்கம் போக நாட் முறை தடை செய்யாது. அதனால்தான் வேண்டியதை டவுன்லோட் செய்து முடித்ததும் நெட்வொர்க்கைத் துண்டித்துவிடப் போகிறோம்.

இவ்வளவு செய்தாலும் சுவர் உடையவே உடையாதா? 2015ல் வெனம் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. யாரும் பயன்படுத்தாத பிளாப்பி டிரைவ் ஒன்றை விர்ச்சுவல் மெஷின்கள் போலியாகக் காட்டி வந்தன. அந்தப் பகுதியில் இருந்த பிழை மூலம் கெஸ்ட்டிலிருந்து ஹோஸ்டுக்குள் தாவ வழி இருந்தது. விர்ச்சுவல்பாக்ஸிலும் அந்தப் பிழை இருந்தது, உடனே சரிசெய்யப்பட்டது. ஆகவே விர்ச்சுவல்பாக்ஸின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அப்டேட் செய்து கொள்ளுங்கள்.

உள்ளே இன்ஸ்டால் செய்தல்

இப்போது ஸ்டார்ட் செய்திடவும். எம்எக்ஸ் லைவ் சிஸ்டம் திறக்கும். மவுஸ் உள்ளேயே மாட்டிக் கொண்டால் கீபோர்டில் வலது கன்ட்ரோல் கீயை ஒரு முறை தட்டினால் வெளியே வந்துவிடும். விண்டோவின் கீழே பச்சை நிறத்தில் ஆமை ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸின் ஹைப்பர்-வி வசதியும் இயங்குவதால் வேகம் குறையலாம் என்று அர்த்தம். வேலை நடக்கும், சற்றுப் பொறுமை வேண்டும்.

டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டாலர் ஐகானில் கிளிக் செய்து, முழு டிஸ்க்கிலும் பதியும் வழியைத் தேர்ந்தெடுக்கவும். டிஸ்க் அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை வரும். அது அந்த 40 ஜிபி பைலை மட்டுமே குறிக்கும். உங்கள் விண்டோஸுக்கு எதுவும் ஆகாது. யூசர் பெயர் கேட்கும் இடத்தில் உங்கள் பெயரைத் தர வேண்டாம். நீங்கள் வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் ஒன்றைத் தரவும்.

இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும், எம்எக்ஸ் அப்டேட்டர் மூலம் அப்டேட்கள் அனைத்தையும் பெறவும். பின்னர் மெனுவில் சினாப்டிக் என்ற புரோகிராமைத் திறக்கவும். தேடல் கட்டத்தில் டமில் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் தமிழ் எழுத்துருக்கள் வரிசையாக வரும். வேண்டியவற்றை டிக் செய்து அப்ளை தரவும். தமிழ்99 முறையில் டைப் செய்ய ஐபஸ், அதனுடன் எம்17என் என்ற இணைப்பு ஆகிய இரண்டையும் சேர்க்கவும். டியூஷன் பிள்ளைகளுக்காக நான் ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட் ஆகியவற்றைச் சேர்த்தேன். லிப்ரே ஆபீஸ் எம்எக்ஸ் சிஸ்டத்துடனேயே வருகிறது.

இங்கே ஒரு கட்டுப்பாடு அவசியம். இந்தச் சிஸ்டத்தில் பிரவுசர் திறந்து மெயில் பார்ப்பது, கூகுள் அக்கவுண்ட்டில் லாகின் செய்வது, மொபைலை இணைத்து போட்டோ பார்ப்பது எதுவும் கூடாது. இது இமேஜ் தயாரிக்கும் அறை. வேறு வேலைக்கு வேறு இடம் உண்டு.

எல்லாம் முடிந்ததும் மெஷினை ஷட்டவுன் செய்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்னாப்ஷாட்ஸ் பகுதிக்குச் சென்று டேக் என்பதில் கிளிக் செய்திடவும். "சுத்தமான நிலை" என்று பெயர் தரவும். பின்னர் ஏதாவது குழப்பம் ஏற்பட்டால் ஒரே கிளிக்கில் இந்த நிலைக்குத் திரும்பிவிடலாம்.

பெயர்க் குழப்பம் வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்னாப்ஷாட் என்பது, விர்ச்சுவல் மெஷினின் இன்றைய நிலையை உங்கள் கம்ப்யூட்டரிலேயே குறித்து வைப்பது. எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட் என்பது உள்ளே ஓடும் சிஸ்டத்திலிருந்து ஐஎஸ்ஓ இமேஜ் எடுப்பது. இரண்டும் வேறு வேறு.

இமேஜ் எடுத்தல்

மீண்டும் மெஷினை ஸ்டார்ட் செய்திடவும். விண்டோவின் கீழ்ப் பட்டையில் நெட்வொர்க் ஐகான் மீது ரைட் கிளிக் செய்து, கனெக்ட் நெட்வொர்க் அடாப்டர் என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். இனி உள்ளே இருப்பது உள்ளேயேதான்.

எம்எக்ஸ் டூல்ஸ் பிரிவில் ஸ்னாப்ஷாட் திறக்கவும். பாஸ்வேர்ட் கேட்கும், தரவும். முதல் பக்கத்தில் எவ்வளவு இடம் பயன்பாட்டில் உள்ளது, எவ்வளவு காலி, இமேஜ் எந்தப் போல்டரில் அமையும் என்ற விவரங்கள் இருக்கும். பைல் பெயரில் தேதியைச் சேர்த்துக் கொள்வது நல்லது. நெக்ஸ்ட் தரவும்.

அடுத்த பக்கத்தில்தான் இந்தக் கட்டுரையின் உயிர் உள்ளது. அக்கவுண்ட்களை என்ன செய்வது என்று இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, அக்கவுண்ட்களை அப்படியே வைத்து எடுப்பது. இது உங்கள் சொந்த பேக்கப்பிற்கு. மற்றொன்று, அக்கவுண்ட்களை ரீசெட் செய்து எடுப்பது. இது மற்றவர்களுக்குத் தருவதற்கு. நாம் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் நீங்கள் உருவாக்கிய யூசரும், அவருடைய ஹோம் போல்டரும் இமேஜுக்குள் போகாது. அதற்குப் பதிலாக டெமோ என்ற பொதுவான யூசர் மட்டும் இருப்பார்.

இதன் விளைவுகள் இரண்டை அறிந்து கொள்ளுங்கள். முதலாவது, நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள், எழுத்துருக்கள் எல்லாம் இமேஜில் வரும். ஆனால் உங்கள் யூசரில் மாற்றிய வால்பேப்பர், பிரவுசர் புக்மார்க், கீபோர்ட் தேர்வு போன்றவை வராது. அவற்றைப் புதிய கம்ப்யூட்டரில் ஒரு முறை அமைத்துக் கொள்ள வேண்டும். இரண்டாவது, ரீசெட் என்பது ஹோம் போல்டர் சமாச்சாரம் மட்டுமே. அதற்கு வெளியே சிஸ்டம் போல்டர்களில் நீங்கள் எதையாவது வைத்திருந்தால் அது இமேஜுக்குள் போய்விடும். ரீசெட் இருக்கிறதே என்று சொந்தக் கம்ப்யூட்டரிலேயே இமேஜ் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ரீசெட் என்பது வடிகட்டி. தனி அறையில் தயாரித்தால், வடிகட்ட வேண்டியது என்று எதுவும் இருக்காது.

நெக்ஸ்ட் தந்து உறுதி செய்தால் வேலை தொடங்கும். சிஸ்டம் முழுவதையும் ஸ்குவாஷ்எப்எஸ் என்ற முறையில் சுருக்கும். கம்ப்யூட்டரின் வேகத்தைப் பொறுத்து நேரம் எடுக்கும். டீ குடித்துவிட்டு வரலாம்.

வெளியே கொண்டு வருதல், சோதித்தல்

பென் டிரைவை முதலில் விண்டோஸில் எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்து கொள்ளவும். ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் போகாது. பின்னர் விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோவில் டிவைசஸ் மெனுவில் யுஎஸ்பி என்பதில் அந்தப் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸில் மறைந்து உள்ளே தோன்றும். ஐஎஸ்ஓ பைலை அதில் காப்பி செய்து, முறையாக எஜெக்ட் செய்து, அதே மெனுவில் டிக் எடுத்துவிட்டால் மீண்டும் விண்டோஸுக்கு வந்துவிடும். பைலை விண்டோஸில் ஒரு போல்டருக்கு மாற்றிக் கொள்ளுங்கள்.

உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டாவதாக ஒரு மெஷின் உருவாக்குங்கள். ஹார்ட் டிஸ்க் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம். ராம் 2048 எம்பி போதும். நீங்கள் தயாரித்த ஐஎஸ்ஓ மட்டும் இருக்கட்டும். இதை ஸ்டார்ட் செய்து கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. டெமோ யூசருடன் திறக்கிறதா? உங்கள் பழைய யூசர் பெயர் எங்கும் தெரியக் கூடாது.

2. பைல் மேனேஜரில் ஹோம் போல்டருக்குள் வேறு யாருடைய போல்டராவது இருக்கிறதா?

3. பிரவுசர் ஹிஸ்டரி காலியாக இருக்கிறதா?

4. நீங்கள் சேர்த்த புரோகிராம்கள் திறக்கின்றனவா? லிப்ரே ஆபீஸில் தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா?

எல்லாம் சரி என்றால் ரூபஸ் புரோகிராம் மூலம் ஐஎஸ்ஓ பைலைப் பென் டிரைவில் எழுதவும். எந்த முறையில் எழுத வேண்டும் என்று கேட்டால் டிடி இமேஜ் முறையைத் தேர்ந்தெடுக்கவும். பென் டிரைவில் உள்ள அனைத்தும் அழியும். எழுதிய பின் விண்டோஸ் அந்தப் பென் டிரைவைப் படிக்க முடியவில்லை, பார்மட் செய்யவா என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

யாருக்குத் தருகிறீர்களோ அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். டெமோ யூசரின் பாஸ்வேர்டும் டெமோ என்பதுதான். அது எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. ஹார்ட் டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யும்போது அவர் தனக்கென்று புதிய யூசர், புதிய பாஸ்வேர்ட் தர வேண்டும். ஐஎஸ்ஓ பைலையும் தனியாகத் தருவதாக இருந்தால், 7-ஜிப் தந்த ஷா-256 எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். நாம் மற்றவர்களிடம் எதிர்பார்ப்பதை நாமும் செய்ய வேண்டும் அல்லவா?

பெரியவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

நாம் பார்த்த இதே வழியைத்தான் பாதுகாப்பில் பெயர் பெற்ற திட்டங்களும் பின்பற்றுகின்றன. பத்திரிகையாளர்கள் போன்றோர் தங்கள் அடையாளம் தெரியாமல் இணையத்தைப் பயன்படுத்த உதவும் லைவ் சிஸ்டம் டெய்ல்ஸ். அதன் இமேஜை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்தே தயாரிக்கிறார்கள். தயாரிப்பவரின் கம்ப்யூட்டரில் என்ன சாப்ட்வேர் இருந்தாலும், உள்ளே உள்ள சூழல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். 2017 நவம்பரில் வெளியான 3.3 பதிப்பிலிருந்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அதே மூல புரோகிராமை எடுத்து வேறு ஊரில், வேறு கம்ப்யூட்டரில் வேறொருவர் தயாரித்தாலும் ஒரு பிட் கூட மாறாமல் அதே இமேஜ் கிடைக்கும்படி செய்தார்கள். இரண்டின் செக்சமும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று எவரும் சோதித்துப் பார்க்கலாம். எங்களை நம்புங்கள் என்று சொல்வதை விட, நீங்களே செய்து பாருங்கள் என்று சொல்வது மேலல்லவா?

நம் எம்எக்ஸ் முறையில் இந்த அளவு வராது. இரண்டு முறை எடுத்தால் இரண்டு செக்சம் வரும். ஆனால் வீட்டு உபயோகத்திற்குத் தேவையான சுத்தம் கிடைத்துவிடும்.

இமேஜுக்கும் வயது உண்டு

இன்று தயாரித்த இமேஜில் இன்று வரையிலான அப்டேட்கள் மட்டுமே இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே பென் டிரைவைப் பயன்படுத்தினால் ஆறு மாத ஓட்டைகளுடன்தான் புதிய சிஸ்டம் பிறக்கும். எனவே மூன்று மாதத்திற்கு ஒரு முறை, "சுத்தமான நிலை" என்று குறித்து வைத்த ஸ்னாப்ஷாட்டிற்குத் திரும்பி, நெட்வொர்க்கை இணைத்து, அப்டேட் செய்து, அந்த நிலையை மீண்டும் ஸ்னாப்ஷாட்டாகக் குறித்துவிட்டு, துண்டித்து, புதிய இமேஜ் எடுத்துவிடுங்கள். முதல் முறை அரை நாள் ஆகும். பழகிவிட்டால் ஒரு மணி நேர வேலைதான். பழைய ஐஎஸ்ஓ பைல்களை மறக்காமல் அழித்துவிடுங்கள். எது புதிது, எது பழையது என்று பைல் பெயரில் உள்ள தேதி காட்டிவிடும்.

டியூஷன் அக்காவின் மூன்று கம்ப்யூட்டர்களிலும் ஒரே பென் டிரைவிலிருந்து சிஸ்டம் பதிந்தாயிற்று. பிள்ளைகள் தமிழ்99 பழகி வருகிறார்கள். என் அலுவலக பைல்களோ, என் பாஸ்வேர்ட்களோ அங்கே போயிருக்குமோ என்று நான் யோசிக்க வேண்டியதே இல்லை. அந்த இமேஜ் பிறந்த அறைக்கு அவை எதுவும் வந்ததே இல்லை.

முதலில் பென் டிரைவ் வரை போகாமல், விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே ஒரு இமேஜ் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். தவறாகப் போனால் அந்த மெஷினை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. கற்றுக் கொள்வதற்கும் அந்தத் தனி அறை நல்ல இடம்தான்.